உடல் எடையும் வாழ்க்கைத் தரமும்: எடைச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்

ரயில் நிலைய நடைமேடைகளில் ஒரு காலத்தில் வண்ண விளக்குகள் மினுங்கும் எடை எந்திரங்கள் நின்றிருந்தன. ஏறி நின்று காசைப் போட்டால், சற்று நேரம் கடகடத்துவிட்டுத் தடித்த அட்டைச் சீட்டு ஒன்றை அது வெளியே தள்ளும். சீட்டின் ஒரு பக்கத்தில் எடையும், மறுபக்கத்தில் நம் குணத்தையோ வருங்காலத்தையோ பற்றிய ஒரு வரியும் அச்சாகியிருக்கும். அந்த இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது காசு போட்ட எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்று எடையைப் பற்றிப் பேசும்போது நாம் சீட்டின் இரு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தே படிக்கிறோம். பத்துக் கிலோ குறைந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். எடையெல்லாம் வெறும் எண், மனம் நன்றாக இருந்தால் போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இங்கே பேசப்படுவது ஆரோக்கியமான பெரியவர்களைப் பற்றி, அதாவது நீரிழிவு, இதயநோய் போன்ற நாள்பட்ட நோய் எதுவும் இல்லாதவர்களைப் பற்றி. இந்த எல்லையைப் போடுவதற்குக் காரணம் உண்டு. நீரிழிவால் வரும் சோர்வையும் கால் எரிச்சலையும் எடையின் கணக்கில் எழுதிவிட்டால், எடை தன் பங்காக என்ன செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

எடையை எதனோடு ஒப்பிடுவது?

68 கிலோ என்பது அதிகமா, குறைவா? ஆறடி உயரமுள்ளவருக்கு அது ஒல்லியான உடல். ஐந்தடி உயரமுள்ளவருக்குப் பருமனான உடல். ஆகவே எடையை உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கான கணக்குதான் உடல் நிறைச் சுட்டெண். பரவலாகப் பி.எம்.ஐ. என்று சொல்லப்படும் இது, கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைக்கும் எண். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 68 கிலோ இருந்தால் அவருடைய சுட்டெண் ஏறத்தாழ 25.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது வகைப்பாட்டில் 18.5-க்குக் கீழே குறைஎடை, 25-க்கு மேலே மிகைஎடை, 30-க்கு மேலே உடல் பருமன். நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு இவை முறையே 50, 68, 82 கிலோவுக்கு அருகில் வரும். ஆசிய மக்களுக்கு 23-இலிருந்தே கவனம் தேவை என்று அதே நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. அப்படிப் பார்த்தால் அவருக்கான எச்சரிக்கைக் கோடு 63 கிலோவுக்கு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே, 1830-களில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது கண்ட ஒழுங்கு இது. அதை எடுத்து இன்றைய பெயரைச் சூட்டியவர் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ், ஆண்டு 1972. ஒரு பெருங்கூட்டத்தை விவரிக்கப் பிறந்த எண் இன்று தனிமனிதரின் பரிசோதனைச் சீட்டில் அச்சாகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். கீஸ் இக்கட்டுரையில் மீண்டும் வருவார்.

வாழ்க்கைத் தரத்தை எண்ணாக்குவது எப்படி?

வாழ்க்கைத் தரம் என்றவுடன் வருமானம், வீடு, வாகனம் என்று மனம் ஓடுகிறது. ஆய்வுகளில் அந்தச் சொல்லின் பொருள் வேறு. தன் பண்பாட்டுச் சூழலில், தன் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் வைத்துப் பார்க்கும்போது தன் வாழ்க்கை எந்த நிலையில் இருப்பதாக ஒருவர் தாமே உணர்கிறாரோ, அதுவே அவரது வாழ்க்கைத் தரம். ‘தாமே உணர்கிறார்’ என்பதுதான் இதில் முக்கியம். வீட்டு வாடகை எவ்வளவு என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு அறியலாம். அந்த வீட்டில் குடியிருப்பது எப்படி இருக்கிறது என்பதைக் குடியிருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கென்று சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்விப் படிவங்கள் உள்ளன. அதிகம் பயன்படுவது எஸ்.எஃப்.-36 என்னும் 36 கேள்விகள் கொண்ட படிவம். மாடிப்படி ஏற முடிகிறதா, குனிந்து நிமிர முடிகிறதா, கடைச் சாமான்களைத் தூக்கி வர முடிகிறதா, கடந்த 4 வாரங்களில் வலி எவ்வளவு இருந்தது, சுறுசுறுப்பாக உணர்ந்தீர்களா, மனச்சோர்வாக இருந்ததா என்ற வகையில் கேள்விகள் போகும். விடைகள் எட்டுப் பிரிவுகளில் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்களாக மாற்றப்படும். அந்த எட்டையும் சுருக்கினால் உடல் சார்ந்த மதிப்பெண் ஒன்றும் மனம் சார்ந்த மதிப்பெண் ஒன்றும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவமோ உடல், மனம் ஆகியவற்றோடு உறவுகளையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துக் கேட்கிறது.

இந்தப் படிவங்களுக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் 95-க்கு மேல் வாங்கும் வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்று தேர்வுத்தாளை வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களிடம் ஒரு மாடி ஏற முடிகிறதா என்று கேட்டால் ஏறத்தாழ எல்லோரும் முடியும் என்றே சொல்வார்கள். சிறிய வேறுபாடுகள் மதிப்பெண்ணில் தெரியாமல் மறைந்துவிடும்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். எடையை உயரத்தோடு பொருத்தித் தருவது உடல் நிறைச் சுட்டெண். அது வெளியிலிருந்து அளக்கப்படுவது. வாழ்க்கைத் தரம் என்பது உள்ளிருந்து சொல்லப்படுவது. அதற்கு உடல் பக்கம், மனப் பக்கம் என்று இரு கிளைகள் உண்டு.

நேர்கோடு அல்ல, சைக்கிள் டியூப்

எடை கூடக்கூட வாழ்க்கைத் தரம் ஒரே சீராக இறங்கும் என்பதுதான் பொதுவான எண்ணம். உண்மையில் இந்த உறவு சைக்கிள் டியூபில் காற்றடிப்பதைப் போன்றது. காற்று மிகக் குறைந்தால் விளிம்பு தரையில் இடிக்கும். மிக அதிகமானால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் அகலமான இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இந்த வடிவத்தைத் தெளிவாகக் காட்டியது. ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவதே தொகுப்பாய்வு. எஸ்.எஃப்.-36 படிவத்தைப் பயன்படுத்திய 8 ஆய்வுகளிலிருந்து 43,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் விடைகள் அதில் சேர்க்கப்பட்டன. உடல் சார்ந்த மதிப்பெண் எடை வகுப்பு உயர உயரப் படிப்படியாக இறங்கியது. சுட்டெண் 40-ஐத் தாண்டியவர்களிடம் இயல்பான எடை கொண்டவர்களைவிட ஏறத்தாழ 10 புள்ளிகள் குறைந்திருந்தது. மனம் சார்ந்த மதிப்பெண்ணின் கதையே வேறு. மிகைஎடை கொண்டவர்களிடம் அது இயல்பு எடையாளர்களைவிட மிகச் சிறிதளவு கூடுதலாகவே இருந்தது. 30 முதல் 40 வரையிலான சுட்டெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 40-க்கு மேல் சென்றபின்தான் அது தெளிவாக இறங்கியது, அதுவும் 2 புள்ளிக்கும் குறைவாக.

குண்டாக இருப்பவர் மகிழ்ச்சியற்றவர் என்று எளிதாக முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரின் சுட்டெண் 25 அல்லது அதற்கு மேல். அந்த நாற்பது பேரும் தங்கள் வாழ்க்கையைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்று கருதுவதற்கு மேற்கண்ட எண்களில் எந்த ஆதாரமும் இல்லை.

மறுமுனையையும் சொல்லிவிட வேண்டும். இயற்கையிலேயே ஒல்லியாக இருந்து நலமாக வாழ்பவர்கள் பலர் உண்டு. ஆனால் போதிய உணவின்றி எடை குறைந்தவருக்குச் சீக்கிரம் களைப்பு, குளிர் தாங்காமை, எலும்பு வலுக்குறைவு, பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு ஆகியவை வரலாம். முயற்சி செய்யாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அதை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

எடை எந்த வழியாக வாழ்க்கைக்குள் நுழைகிறது?

எடை என்பது தானாக வாழ்க்கையைத் தொடுவதில்லை. ஏதேனும் ஒரு வாசல் வழியாகத்தான் வருகிறது. எந்த வாசல் என்று தெரிந்தால், உடல் மதிப்பெண் இறங்கும்போது மன மதிப்பெண் ஏன் கூடவே இறங்குவதில்லை என்பதும் புரியும்.

முதல் வாசல் முழங்கால். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவர்களுக்கு எடையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூட்டுக்குப் போகும் சுமை ஐந்து கிலோ மட்டுமல்ல. நடக்கும்போது கால் ஒரு நெம்புகோலைப் போல வேலை செய்வதாலும், சுற்றியுள்ள தசைகள் மூட்டை இறுக்கிப் பிடிப்பதாலும், சுமை பெருகிவிடுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ள, எடை மிகுந்த முதியவர்களிடம் செய்யப்பட்டு 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குறைந்த ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஓர் அடி வைக்கும்போது முழங்காலில் ஏறும் சுமை நான்கு கிலோ குறைந்தது. அவர்கள் ஆரோக்கியமான மூட்டு உடையவர்கள் அல்லர் என்பது உண்மை. நெம்புகோல் விதி எல்லோருக்கும் பொது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஐந்து கிலோ கூடியவர் ஒரு நாளில் 5,000 அடி நடக்கும்போது ஒவ்வொரு முழங்காலும் 2,500 முறை, முறைக்கு 20 கிலோ கூடுதலாகத் தாங்குகிறது. கூட்டினால் 50 டன். வலி வருவதற்கு முன்பே படியைத் தவிர்ப்பதும், கீழே உட்காரத் தயங்குவதும், கோயில் சுற்றுப் பிராகாரத்தைப் பாதியில் முடித்துக்கொள்வதும் தொடங்கிவிடுகின்றன. கேள்விப் படிவத்தில் உடல் மதிப்பெண் இறங்குவது இப்படித்தான்.

இரண்டாவது வாசல் உறக்கம். தொண்டையைச் சுற்றியும் நாக்கிலும் கொழுப்பு சேரும்போது மூச்சு செல்லும் பாதை ஒடுங்குகிறது. உறக்கத்தில் தசைகள் தளர்ந்தவுடன் அந்தப் பாதை அவ்வப்போது மூடிக்கொள்ள, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. இதற்கு உறக்க மூச்சுத்தடை என்று பெயர். ஓர் இரவில் இது பல பத்து முறை நடந்தாலும் தூங்குபவருக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் குறட்டை மட்டும் நன்றாக நினைவிருக்கும். விஸ்கான்சின் மாநிலத்தில் ஏறத்தாழ 700 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எடை 10 விழுக்காடு கூடியவர்களுக்கு மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை உண்டாகும் வாய்ப்பு ஆறு மடங்கு உயர்ந்தது. பகலில் தூங்கி வழிவது, எரிச்சல், கவனக்குறைவு எல்லாம் இதன் வழியே வருபவை. ‘நான் சோம்பேறியாகிவிட்டேன்’ என்று தம்மையே நொந்துகொள்பவர்களில் சிலருக்கு உண்மையில் இரவு உறக்கமே கிடைத்திருக்காது.

மூன்றாவது வாசல் ரத்தத்தில் இருக்கிறது. கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சேமிப்புக் கிடங்கு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வகம் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தபின், கொழுப்புத் திசு தானும் ஒரு சுரப்பியே என்பது உறுதியாயிற்று. அளவுக்கு மீறிப் பருத்த கொழுப்புச் செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் வெளியிடுகின்றன. காயத்தையோ கிருமியையோ எதிர்க்க உடல் எழுப்பும் சூடும் வீக்கமும் கலந்த தற்காப்பே அழற்சி; இங்கே அது மிகத் தாழ்ந்த அளவில், ஆனால் நிற்காமல் நடக்கிறது.

நான்காவது வாசல் உடலிலேயே இல்லை. அது அடுத்தவர் வாயில் இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் ‘என்ன இப்படி ஊதிட்டே’ என்றோ ‘எலும்பும் தோலுமா ஆயிட்டியே, வீட்ல சோறு போடறாங்களா’ என்றோ கேட்பது அக்கறையின் அடையாளமாகவே நம்மிடையே நடமாடுகிறது. துணிக்கடையில், பெண் பார்க்கும் நிகழ்வில், வேலைக்கான நேர்காணலில் இதே மதிப்பீடு சொல்லாமல் நடக்கிறது. வாழ்க்கைத் தரம் என்பது ஒருவர் தம் சூழலில் தம்மைப் பற்றி உணர்வது என்றால், சூழல் தரும் தீர்ப்பு அந்த உணர்வை நேரடியாகவே தாக்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன் மணமான பெண் சற்றுப் பூசினாற்போல் ஆனால் போன இடம் நல்ல இடம் என்று பிறந்த வீட்டார் நிம்மதியடைந்தார்கள். இன்று அதே உடல் மாற்றத்துக்கு உடற்பயிற்சிக் கூட முகவரி கிடைக்கிறது. உடலில் மாற்றம் ஒன்றுதான். அதற்குச் சொல்லப்படும் பொருள் மாறிவிட்டது.

ஆக, முழங்காலும் உறக்கமும் அழற்சியும் பெரும்பாலும் உடல் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. மனம் சார்ந்த மதிப்பெண் எவ்வளவு இறங்கும் என்பது ஒருவர் வாழும் சூழலையும் பெருமளவு பொறுத்தது.

எது காரணம், எது விளைவு?

குடை பிடித்தவர்கள் நிறையப் பேர் தென்படும் நாளில் மழை பெய்கிறது என்பதால் குடைதான் மழையை வரவழைத்தது என்று யாரும் சொல்வதில்லை. எடை விஷயத்தில் அந்தத் தவறு எளிதாக நடந்துவிடுகிறது. மேலே சொன்ன தொகுப்பாய்வு போன்றவை ஒரே நேரத்தில் எடையையும் உணர்வையும் குறித்துக்கொள்பவை. எது முன்னால் வந்தது என்று அவற்றால் சொல்ல இயலாது. மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதல் என்றும், மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல் என்றும் கண்டது. பாதை இரண்டு பக்கமும் ஓடுகிறது.

எடையைக் குறைத்தால் வாழ்க்கைத் தரம் உயருமா?

காரணத்தை அறிய நல்ல வழி, வேண்டுமென்றே எடையை மாற்றிப் பார்ப்பது. ஆரோக்கியமான பெரியவர்களிடம் அப்படிச் செய்யப்பட்ட இரண்டு சோதனைகள், எழுபது ஆண்டு இடைவெளியில், நேரெதிர் விடைகளைத் தந்தன.

முதலாவதை நடத்தியவர் நாம் முன்பு சந்தித்த ஆன்செல் கீஸ். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களை எப்படி மீட்பது என்று அறிய, 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை அவர் தேர்ந்தெடுத்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு மாற்றாக இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். 24 வாரங்கள் அரைப்பட்டினியில் அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். நகைச்சுவையும் நட்பும் காதல் நாட்டமும் வற்றிப்போயின, கோடையிலும் குளிரெடுத்தது, சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்தார்கள், தட்டுகளை நக்கினார்கள். எடை இறங்கியதோடு வாழ்க்கைத் தரமும் சரிந்தது.

இரண்டாவது, கேலரி (CALERIE) என்ற பெயரில் அமெரிக்காவில் மூன்று மையங்களில் நடந்து, வாழ்க்கைத் தரம் பற்றிய முடிவுகளை 2016-இல் வெளியிட்டது. பருமன் இல்லாத, ஆரோக்கியமான ஏறத்தாழ 220 பேர் இதில் பங்கேற்றார்கள்; அவர்களுடைய சுட்டெண் 22 முதல் 28 வரை. மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகள் உணவின் ஆற்றலை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது திட்டம். அவர்களால் உண்மையில் முடிந்தது சராசரியாக அதில் பாதிதான். (இவ்வளவு ஆலோசகர்கள் உடனிருந்தும் பாதிதான் என்பது, வீட்டில் தனியாக முயன்று தோற்றவர்களுக்குச் சற்று ஆறுதல்.) ஆயினும் அவர்கள் சராசரியாக 7.6 கிலோ இழந்தார்கள். வழக்கம்போல் உண்டவர்கள் அரைக் கிலோவும் குறையவில்லை. மனநிலை மேம்பட்டது, பதற்றம் குறைந்தது, தம் பொதுவான உடல்நலம் பற்றிய சொந்த மதிப்பீடு உயர்ந்தது. அதிகம் குறைத்தவர்களிடம் உற்சாகமும் உறக்கத்தின் தரமும் கூடுதலாக இருந்தன.

இவை முரண்பாடாகத் தோன்றினால் சைக்கிள் டியூபை மீண்டும் நினைத்துக்கொள்ளலாம். கேலரிச் சோதனையில் இருந்தவர்கள் இடைவெளியின் மேல் விளிம்புக்கு அருகிலிருந்து, போதிய ஊட்டச்சத்தோடும் தொடர்ந்த ஆலோசனையோடும், மெதுவாக நடுப்பகுதிக்கு வந்தார்கள். மின்னசோட்டா இளைஞர்கள் நடுவிலிருந்து அடிமட்டத்துக்குத் தள்ளப்பட்டார்கள். எங்கிருந்து, எவ்வளவு, எப்படி என்ற மூன்றையும் விட்டுவிட்டு ‘எடை குறைந்தால் நல்லதா’ என்று கேட்பதில் பொருளில்லை. கேலரியில் சேருமுன் உணவுக் கோளாறோ மனச்சோர்வோ உள்ளவர்கள் விலக்கப்பட்டார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதன் முடிவு எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல இயலாது.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத மூன்றாவது சோதனை ஒன்றும் உண்டு. மாதவிடாய் நின்ற, உடலுழைப்புக் குறைந்த, மிகைஎடை கொண்ட 430 அமெரிக்கப் பெண்களை ஆறு மாதங்கள் வெவ்வேறு அளவில் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். அதிகம் செய்தவர்களின் வாழ்க்கைத் தரம் அதிகம் உயர்ந்தது; எடை குறைந்ததா இல்லையா என்பதை அது சார்ந்திருக்கவில்லை. எடை எந்திரத்தில் முள் அசையாததால் நடைப்பயிற்சியை நிறுத்திவிடுபவர்கள் 2009-இல் வெளிவந்த இந்த முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரே எண், இரண்டு உடல்கள்

2004-இல் லேன்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ அறிஞர்களின் படம் அருகருகே வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவரின் சுட்டெண்ணும் சரியாக 22.3, அதாவது ஆசியக் கோட்டின்படியும் இயல்பான எடை. ஆனால் உடலில் உள்ள கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்னும் இந்திய உடல்வாகுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இருக்க முடியாது.

எடை எந்திரம் தசை, கொழுப்பு, எலும்பு, நீர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுக்கிறது. நடப்பதும் தூக்குவதும் தசையின் வேலை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, தொடையில் சேரும் கொழுப்பைவிட அதிகத் தொல்லை தருவது. அதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாக வைக்கப்பட்டுள்ளன. தையல்காரரின் அளவு நாடா ஒன்று போதும்.

வயது ஏறும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. முப்பதைக் கடந்தபின், பயிற்சி எதுவும் செய்யாதவரிடம் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு குறைகிறது. காலியான இடத்தைப் பெரும்பாலும் கொழுப்பு நிரப்புகிறது. கல்யாணத்தன்று இருந்த அதே 65 கிலோ அறுபதாம் கல்யாணத்தன்றும் இருக்கிறது என்று பெருமைப்படும் ஒருவருக்கு, கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போயிருக்கலாம்.